கிட்டாருக்கு ஒரு பிக்கப்

அண்டைக்கு எனக்கிருந்தது ஒரே ஒரு வேலை. வட்டக்கச்சியில இருந்து சைக்கிள்ள கிளிநொச்சிக்குப் போய் ஒரு கிட்டார் வாங்கிக்கொண்டு வாறது. அவ்வளவுதான்.

எண்பதாம் ஆண்டுக்குக் கிட்டடியில நடந்த கதை. எங்கட ஊரில கரண்ட் இல்லை. ஆனால் எனக்கு கரண்ட் கிட்டார் வேணும். சிரிக்காதேங்கோ, காரணம் இருக்கு.

ஊர்ப் பெடியளின்ர பாட்டுக் கோஷ்டியில நான்தான் கிட்டார். முந்தின வருசத் திருவிழாவில இரவல் கிட்டார் ஒண்டை வைச்சு வேர்க்க விறுவிறுக்க வாசிச்சனான். நைலோன் தந்தி. பக்கத்தில டிரம்ஸ். ஒரு சொட்டுச் சத்தமும் வெளியில போகேல்லை.

அடுத்தநாள் தேத்தண்ணிக் கடையில ஒரு பெரியவர் என்னைக் காட்டிக் கேட்டார்: "இவர்தானே மேடையில நிண்டு வயித்தைச் சொறிஞ்சவர்?"

கடையே சிரிச்சுது. எனக்கு நிலம் பிளந்து உள்ளுக்குப் போனால் காணும் போல இருந்தது.

கோஷ்டித் தலைவர் செல்வம் அண்ணை சொல்லிப்போட்டார்: "இந்தமுறை அம்ப்ளிபயரில குடுக்கிற கிட்டார் கொண்டுவந்தால் உனக்கு மேடை. இல்லாட்டி கீழ நிண்டு கதிரை அடுக்கு."

கரண்ட் கிட்டார் எண்டால் கம்பித் தந்திதான், அது எனக்குச் சரிவராது. ரெண்டு பாட்டு வாசிச்சால் விரல் கிழிஞ்சு ரத்தம் வரும். யாழ்ப்பாணத்தில எனக்குக் கிட்டார் பழக்கின மாஸ்டரைக் கேட்டன்.

"நைலோன் தந்திக் கிட்டாருக்கும் பிக்கப் எண்டு ஒரு சாமான் இருக்கு. தீப்பெட்டியிலும் சின்னன். உள்ளுக்கு ஒட்டியிருப்பாங்கள். அதில வயரைக் கொழுவி அம்ப்ளிபயரில குடுத்தால் ஊரே கேக்கும். கடையில போய் 'பிக்கப் இருக்கோ' எண்டு மட்டும் கேள். வேற ஒண்டும் அலம்பாதை" எண்டார்.

நான் அலம்பேல்லை. அதுதான் பிழையாப் போச்சு.

கிளிநொச்சியில ஒரு கடையில, சைக்கிள் ரயருக்கும் அரிக்கன் லாம்புக்கும் நடுவில ரெண்டு கிட்டார் தொங்கிச்சுது. ஒண்டு சிவப்பு, தட்டையானது, அசல் கரண்ட் கிட்டார், கம்பித் தந்தி. விலையைக் கேட்டன். வயலை வித்தால் வாங்கலாம்.

மற்றது மண்ணிறம். நைலோன் தந்தி. விலையும் கைக்கு அடக்கம்.

"தந்தி உறுதியோ முதலாளி?"

"தங்கூசி மாதிரித் தம்பி! இதில தூண்டில் கட்டி குளத்தில விரால் பிடிக்கலாம்."

எனக்கு விரால் வேண்டாம். மாஸ்டர் சொன்னதைக் கேட்டன்.

"முதலாளி, பிக்கப் இருக்கோ?"

அவர் கிட்டாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கிட்டாருக்கோ?"

"ஓம், கிட்டாருக்குத்தான்."

"இருக்கு. அக்கராயன் பக்கம் போயிட்டுது. பின்னேரம் வந்திடும்."

அக்கராயன்காரர் ஆரோ இரவல் வாங்கிக்கொண்டு போட்டினமாக்கும்!

"சத்தம் எப்பிடி?"

முதலாளியின்ர முகம் வாடிப்போச்சு. "பொய் சொல்லக்கூடாது தம்பி. பழசு. சத்தம் கொஞ்சம் கூடத்தான். அரை மைலுக்கு அங்கால வரேக்கையே கேக்கும்."

எனக்குப் புல்லரிச்சுது! "அதுதான் முதலாளி வேணும்!"

"சத்தமோ வேணும்?"

"சத்தத்துக்குத்தானே எடுக்கிறதே!"

அவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் போட்டார்.

"எங்கட பக்கம் கரண்ட் இல்லை. பற்றரியில வேலை செய்யுமோ?"

"பற்றரி இல்லாமல் எப்பிடித் தம்பி? போன கிழமைதான் புதுசு போட்டது. மழை நாளையில மட்டும் நாலு பேர் பிடிச்சுத் தள்ளவேணும்."

இதில எண்டாலும் எனக்கு விளங்கியிருக்கவேணும். நான் என்ன நினைச்சன் தெரியுமோ? பழைய சாமான்தானே, சுவிச் இறுகியிருக்கும் எண்டு! அப்பிடியொரு மூளை எனக்கு. ரெண்டுக்கும் சேர்த்துக் காசைக் குடுத்திட்டன்.

பின்னேரம் கடை வாசலில நிலம் அதிர்ந்துது. கறள் பிடிச்ச நீலப் பிக்கப் ஒண்டு வந்து நிண்டுது. பின்னுக்கு ரெண்டு ஆடு. றைவர் மலையகத்தில இருந்து வந்து குடியிருக்கிற மனிசன், நல்ல மரியாதை.

"சார், ஏத்திரலாமா? மொத்தம் எத்தனை கிட்டாரு?"

"ஒண்டு."

அவர் ஆட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுக்கா சார் பிக்கப்பு?"

அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சுது. கிட்டார்க்காரருக்குத்தான் பிக்கப் எண்டால் தீப்பெட்டி. கிளிநொச்சியில பிக்கப் எண்டால் நாலு சில்லு வாகனம்!

"முதலாளி, பிக்கப் வேண்டாம். அந்தக் காசைத் தாங்கோ."

"என்ன தம்பி கதைக்கிறீங்கள்? சத்தம் வேணுமெண்டு கேட்டு எடுத்தனீங்கள். வாடகையைத் திருப்பிக் குடுக்கிறேல்லை."

பிறகென்ன? கிட்டார், சைக்கிள், ரெண்டு ஆடு, நான். ஆடு ஒண்டு வழி நீளக் கிட்டாரை மோந்துகொண்டு வந்துது.

வீட்டு வாசலில பிக்கப் சத்தத்தைக் கேட்டு என்ர மனிசி குசினிக்குள்ள இருந்து ஓடிவந்தா. முகமெல்லாம் பூரிப்பு. "இஞ்சருங்கோ, அலுமாரி வாங்கிப்போட்டியளோ?"

நான் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு இறங்கினன்.

"இதைச் சைக்கிள்ளயே கட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாம்."

"பிறகென்னத்துக்குப் பிக்கப்?"

"பிக்கப் இருந்தால்தான் கிட்டார் கேக்குமாம்."

அவா பிக்கப்பைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, உள்ளுக்குப் போயிட்டா. ராத்திரிச் சாப்பாட்டை நான்தான் போட்டுச் சாப்பிட்டனான்.

ஆனால் விசயம் கேள்விப்பட்ட செல்வம் அண்ணைக்குச் சந்தோசத்தில ஒரே புளுகம்! "டேய், வாகனமே பிடிச்சிட்டியே! டிரம்ஸை மாட்டு வண்டியில ஏத்தி ஏத்தி என்ர நாரியெலும்பு முறிஞ்சு போச்சு. திருவிழாவுக்கும் அந்த றைவரையே வரச்சொல்லு. நீ மேடையிலதான். உன்ர கிட்டாருக்கு முன்னுக்கு ஒரு தனி மைக் வைக்கிறன், காணுமோ?"

காணும் காணும், அதுவே போதும்! எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

திருவிழா அண்டு புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு மேடையில ஏறினன். எனக்கு முன்னுக்குத் தனி மைக். முதல் பாட்டில என்ர கிட்டார் ஸ்பீக்கரில கேட்டுது! உண்மையா, என்ர காதால கேட்டனான். அந்தப் பெரியவரும் முன்வரிசையில இருந்து காதைக் குடுத்துக் கேட்டார்.

ரெண்டாம் பாட்டில அம்ப்ளிபயர் செத்துது. பற்றரி இறங்கிப்போச்சாம்.

"கவலப்படாதீங்க சார்! நான் இருக்கேன்ல?" எண்டு கத்தினது எங்கட றைவர். பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து, சரியா என்ர முதுகுக்குப் பின்னால கொண்டுவந்து விட்டு, தன்ர பற்றரியில இருந்து வயர் குடுத்தார்.

"இப்ப என்ஜினை நிப்பாட்டுங்கோவன்?" எண்டன்.

"நிப்பாட்டுனா இந்தப் பேட்டரியும் எறங்கிரும் சார்!"

பாடின ஆக்கள் தொண்டை கிழியக் கத்திச்சினம், அது கேட்டுது. டிரம்ஸ் கேட்டுது. கடைசிப் பாட்டு முடியும்வரைக்கும் பிக்கப் உறுமிச்சுது. நான் என்ன வாசிச்சனான் எண்டு எனக்கே தெரியாது.

அடுத்தநாள் அதே தேத்தண்ணிக் கடை. அதே பெரியவர். என்னைக் கண்டதும் பக்கத்தில இருந்தவருக்குச் சொன்னார்:

"ஆள் நல்லா வந்திட்டார். போன வருசம் நடந்து வந்து வயித்தைச் சொறிஞ்சவர், இந்த வருசம் பிக்கப் பிடிச்சு வந்து சொறிஞ்சவர்."