மூல நட்சத்திரமும் நெய்வேலிக் கரியும்

செம்மண்டலம், கடலூர்.
1965, ஆனி மாதம், புதன்கிழமை.

காடாம்புலியூரில் முந்திரியும் பலாவும் சூழ வாழும் அருமை மச்சான் சடையப்பனுக்கு, உன் அக்காள் தங்கம்மாளுக்கு வாழ்க்கைப்பட்ட வைத்திலிங்கம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. அங்கே நீயும் குணசுந்தரியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். 'சௌ' போட்டதும் கை நின்றுவிட்டது. ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ கொண்டுவந்த சிதம்பரம் சம்பந்தம் கருகிப் போயிற்று. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே புகை வந்தது. என் வேட்டியை உன் அக்காள் இரண்டு முறை வெளுத்தும் வாடை போகவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வருவதாக எழுதியிருந்தாயே, வரவேண்டாம்.

யோசனை உன்னுடையது என்பதை முதலில் ஞாபகப்படுத்திவிடுகிறேன். பிற்பாடு நீ மறந்துபோவாய். உன் அக்காள் பெற்ற மலர்க்கொடிக்கு மூல நட்சத்திரம். அந்த நட்சத்திரத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று எந்தக் காலத்திலோ எவனோ கிளப்பிவிட்டுப் போனதில், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த, தையல் தெரிந்த, தெய்வாதீனமாக என் மூக்கு வாய்க்காத ஒரு பெண், வரன் வராமல் உட்கார்ந்திருக்கிறாள். பண்ருட்டிக்காரர்கள் பஜ்ஜி வரைக்கும் வந்தார்கள். நட்சத்திரம் காதில் விழுந்ததும் எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை. விருத்தாசலத்தார் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். அந்நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. அதற்கப்புறம் மலர்க்கொடி, "இன்னொரு தபா என்னத் தட்டத் தூக்கிக்கிட்டு வரச் சொன்னீங்க, நேரா கொண்டுபோயி தட்டக் கெடிலம் ஆத்துல வுட்டுட்டு வந்துடுவேன்பா" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு வெள்ளித்தட்டு. நான் பயந்துபோய்விட்டேன்.

அப்போதுதான் நீ வந்தாய். நடனசபாபதி என்று ஒருவர், பூமியைத் துளை போட்டுப் பார்க்கிற சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர், சர்வீஸ் முழுக்கப் போன இடத்திலெல்லாம் கல் பொறுக்கி, சிதம்பரத்தில் தம் வீட்டின் முன்கட்டில் 'பூகர்ப்ப மியூசியம்' என்று போர்டு மாட்டியிருக்கிறார், ஒரே பிள்ளை ஞானசேகரன் ஹைஸ்கூலில் சயன்ஸ் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களுக்குக் கல்லைப் பற்றி விளக்கம் சொல்வான் என்றாய். "மாமா, பொண்ணு பாக்கற சடங்கே வேணாம். குடும்பத்தோட மியூசியம் பாக்கப் போற மாதிரி போயிடுங்க. புள்ளைங்க ரெண்டும் பாத்துக்கட்டும். புடிச்சுப்போச்சுன்னா நட்சத்திரத்த நான் மெதுவா எறக்கறேன். புடிக்கலன்னா கல்லப் பாத்தோம், வந்தோம். யாருக்கும் தலைகுனிவு இல்ல" என்றாய். உன்னை அன்றைக்கு நான் கட்டிப்பிடிக்காதது ஒன்றுதான் பாக்கி. இப்போது கிடைத்தாலும் பிடிப்பேன், வேறு மாதிரி.

இதில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. என் அக்கா அஞ்சம்மாளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. உனக்கே தெரியும், எங்கள் வீட்டில் நடப்பது முதுநகர் மீன் மார்க்கெட்டுக்குத் தெரிந்த பிறகுதான் எனக்கே தெரியும். அதனால், "சிதம்பரத்துல பெரியவர் ஒருத்தர் ஊர் ஊராப் போயி கல்லு கொண்டாந்து வூட்ல வெச்சிருக்காருக்கா, பாத்துட்டு வரலாம்" என்று மட்டும் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது. "ரொம்பப் பழசாடா வைத்தி?" என்றாள். "ரொம்ப ரொம்பப் பழசு. லட்சக்கணக்கான வருஷம்" என்றேன். "அப்ப தலைக்கு ஊத்திக்கிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனாள். கல்லைப் பார்க்க எதற்குத் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. திரும்பி வந்தபோது கையில் பை வைத்திருந்தாள், பைக்குள் தட்டு, தேங்காய், வாழைப்பழம், கற்பூரம். சிதம்பரத்தில் இறங்கினால் நடராஜரைப் பார்க்காமலா வருவாள் என்று நினைத்து, அதையும் விட்டுவிட்டேன். ரயிலில் முதுநகரில் ஏறிய மீன்காரம்மா ஒருத்தியிடம் அந்தக் கல்லின் மகிமையைப் பற்றி அஞ்சம்மாள் பேசிக்கொண்டே வந்தாள். பரங்கிப்பேட்டை வருவதற்குள் அந்த அம்மா தன் மருமகளுக்குக் குழந்தை வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். விதி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்திருக்கிறது, நான் பேப்பர் படித்திருக்கிறேன்.

மியூசியத்தை நான் வர்ணிக்கிறேன், மச்சான், நீ என் அக்காள் கண்ணால் பார். வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒரு போர்டு; தூசி வரக்கூடாதென்று நடனசபாபதி வைத்தது. உள்ளே 'அமைதி' என்று இன்னொன்று. மூலையில் பூட்டுப் போட்ட உண்டியல். ஒவ்வொரு கல்லின் நெற்றியிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பட்டை, அதன் நடுவில் சிவப்பு மையில் பொட்டளவுக்கு நம்பர். இதெல்லாம் போதாதென்று நடுக்கூடத்தில் பீடம் போட்டு, பீடத்துக்குச் சிவப்புத் துணி சுற்றி, அதன்மேல் நெய்வேலியில் பூமிக்கடியிலிருந்து வெட்டிய பழுப்பு நிலக்கரிப் பாளம் ஒன்று, இடுப்பு உயரத்துக்குக் கன்னங்கரேல் என்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கையில் பிரம்போடு, பயபக்தியாக, கண்ணாடி போட்ட ஞானசேகரன். எனக்கே ஒரு கணம் கை தூக்கிக் கும்பிடத் தோன்றியது.

முதல் அரைமணி நேரம் எல்லாம் கூடி வந்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஞானசேகரன் பிரம்பைக் கல்லிலும் கண்ணை மலர்க்கொடியிலும் வைத்து விளக்கினான். திருவக்கரைப் பக்கம் கிடைத்த கல்லாகிப்போன மரத்துண்டைக் காட்டியபோது மலர்க்கொடி, "கல்லாவறதுக்கு முன்ன இது என்ன மரங்க?" என்று கேட்டாள். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அவனிடம் கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. காது வரை சிவந்துபோய்ப் பதில் சொன்னான். உன் அக்காள் முழங்கையால் என் விலாவில் இடித்தாள். அந்த உற்சாகத்தில் நானும் பூகர்ப்ப ஞானத்தைக் காட்ட நினைத்து, சுவரோரம் இருந்த ஒரு கல்லைத் தடவி, "என்ன வழவழப்பு! எந்த யுகத்துதுங்க?" என்று நடனசபாபதியைக் கேட்டேன். "அது காத்துல கதவு சாத்தாம இருக்க வெச்சதுங்க" என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். பையனின் தாயார் சௌந்தரம் அம்மாள் உள்கதவருகில் நின்றிருந்தாள். அவள் வாயே திறக்கவில்லை. இந்த அம்மாள்தான் நம்மை வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று அப்போதே நினைத்தேன்.

அப்புறம் நெய்வேலிக் கரிக்கு வந்தோம். "இது பூமிக்குள்ள அவ்வளவு ஆழத்துல, மனுஷ வாசனையே இல்லாத காலத்துலேர்ந்து இருந்தது" என்று ஞானசேகரன் ஆரம்பித்தான். "சுயம்பு!" என்று அஞ்சம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் திரும்புவதற்குள் பையிலிருந்து தட்டு வெளியே வந்துவிட்டது. நேராகப் போய் ஞானசேகரன் கையில் கொடுத்தாள்.

"இந்தாப்பா தம்பி, ஒரு அர்ச்சன பண்ணு. பொண்ணு பேரு மலர்க்கொடி. நட்சத்திரம் மூலம், ரெண்டாம் பாதம். இந்த ஆவணிக்குள்ள கல்யாணம் கூடணும்னு சாமிகிட்ட சொல்லு. மாப்பிள்ள வாட்டசாட்டமா இருக்கணும். ஒன்ன மாதிரி நோஞ்சானா வேணாம்."

போர்டில் எழுதியிருந்த அமைதி அப்போதுதான் அங்கே வந்தது. ஞானசேகரன் தேங்காயும் கையுமாக நின்றான். நடனசபாபதி, "மூலமா?" என்றார். அந்தக் குரலை நான் பண்ருட்டிக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன், விருத்தாசலத்தாரிடமும் கேட்டிருக்கிறேன். மனுஷன் மேற்கொண்டு யோசிக்கக் கூடாதென்று அவர் தோளைப் பிடித்து அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போய், இல்லாத கேள்வியெல்லாம் கேட்டேன். நான் செய்த தப்புகளில் இதுதான் மூத்தது. ஏனென்றால் பூசாரி அசையாமல் நிற்பதைப் பார்த்த அஞ்சம்மாள், கைக்கு வந்த கற்பூரத்தையெல்லாம் கரிப்பாளத்தின் உச்சியில் வைத்துத் தானே கொளுத்திவிட்டாள்.

மச்சான், நெய்வேலிக் கரி எதற்காக வெட்டப்படுகிறது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்திய சர்க்காருக்குத் தெரியும். வருஷக்கணக்கில் காய்ந்து வெடிப்பு விட்டிருந்த பாளம் அது. எரிகிற கற்பூரம் வெடிப்புக்குள் இறங்கிற்று. கொஞ்சம் ஒழுகிச் சிவப்புத் துணியிலும் விழுந்தது. நாங்கள் ஓடி வந்தபோது சாமி உச்சந்தலையில் புகைந்துகொண்டிருந்தார், இடுப்பில் எரிந்துகொண்டிருந்தார். "ஜோதி தெரியுதுடா வைத்தி!" என்று அஞ்சம்மாள் கண்ணில் நீர் வழியக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். நீர் வழிந்தது பக்தியாலா புகையாலா என்று விசாரிக்க நேரமில்லை. நான் கூஜாத் தண்ணீரைக் குறிபார்த்து வீசினேன். என் குறி உனக்குத் தெரியும். தண்ணீர் முழுக்கப் பக்கத்துத் தட்டில் விழுந்தது. அந்தத் தட்டில் இருந்தது வடக்கே எங்கேயோ மலையிலிருந்து நடனசபாபதி மடியில் வைத்துக் கொண்டுவந்த உப்புப் படிகம், கண்ணாடி மாதிரி தெரியுமாம்.

நடனசபாபதி புகைக்குள் பாய்ந்து கரியைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். மலர்க்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "விடும்மா, நெய்வேலி பீஸு!" என்று அவர் கத்தினார். "கரி கெடக்குதுங்க, மொதல்ல நீங்க வாங்க!" என்று இவள் அதைவிட ஜாஸ்தியாகக் கத்தினாள். அவரை வெளியே தள்ளிவிட்டு, கொல்லைக் கிணற்றில் இவள் இறைக்க, ஞானசேகரன் வாங்கி வந்து ஊற்ற, வாளி வாளியாகத் தண்ணீர். பையன் ஒவ்வொரு வாளிக்கும், "பாத்து, உப்புல படாம" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் ஊற்றினான். ஆனால் ஊற்றியது பூராவும் உப்புத் தட்டு வழியாகத்தான் ஓடியது. எல்லாம் அடங்கியபோது கூடத்தில் கணுக்கால் அளவு கருப்புத் தண்ணீர். பீடத்தில் நொறுங்கிய கரித்தூள். படிகம் எலுமிச்சங்காய் அளவுக்குச் சிறுத்து, ஏதோ பாவம் செய்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

நடனசபாபதி அந்த ஈரத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையில் கொஞ்சம் கரியை அள்ளிப் பார்த்தார். "பூமிக்குள்ள கெடந்த வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். அப்புறம் தலையைத் தூக்கி அஞ்சம்மாளைப் பார்த்து, "நட்சத்திரம் என்னான்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"மூலம். ரெண்டாம் பாதம்" என்றாள் என் அக்கா, பெருமையாக.

"ஆமாம்" என்றார். "தெரியுது."

அவ்வளவுதான் மச்சான். திரும்புகிற ரயிலில் அஞ்சம்மாள் மட்டும் அது ரொம்ப உக்கிரமான சாமி என்று சொல்லிக்கொண்டு வந்தாள். மலர்க்கொடி ஜன்னலோரம் உட்கார்ந்து, கிணற்றுக் கயிறு அறுத்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் அழுதிருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். "அந்தப் புள்ள ஒரு வார்த்தகூட கோவிச்சுக்கலப்பா" என்று வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் ஆவதற்கு முன்பே மாமனார் சொத்தைக் கொளுத்திய பெண் என்று சிதம்பரம் முழுக்கப் பேச்சாகியிருக்கும். இனி எவன் வருவான்? நீ சிதம்பரம் பக்கம் போனால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போ. வேறு வரன் பார்க்கிறதாக இருந்தால் மாமனார் இல்லாத வீடாகப் பார். மியூசியம் வேண்டவே வேண்டாம்.

முந்திரியில் பூச்சி விழாமலிருக்கவும், குணசுந்தரிக்கு முதுகுவலி விடவும், குழந்தைகள் கணக்கில் தேறவும் மனதார வேண்டிக்கொள்கிறேன். எந்தச் சாமியிடம் என்று கேட்காதே. அம்மிக்கல்லைக்கூட இப்போது நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

உன் துர்ப்பாக்கிய மாமா,
வைத்திலிங்கம்

பி.கு.: தபாலில் போடச் சட்டை மாட்டுகிறேன், வாசலில் சௌந்தரம் அம்மாள், தன்னந்தனியாக, வெற்றிலை பாக்கு பூ பழத்தோடு! நஷ்டஈடு கேட்க வந்திருக்கிறாள் என்று நான் கொல்லைப்பக்கம் நழுவப் பார்த்தேன். உன் அக்காள் விடவில்லை. அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்து பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "கட்டிக்கிட்டு வந்த நாளா அந்த மனுஷன் கல்லத்தான் வூட்டுக்குக் கொண்டாந்தாரு. நெல்லுக் கொட்ட எடம் இல்ல. மொளகா காய வைக்க எடம் இல்ல. நான் படுக்கற கட்டிலுக்கு அடியிலயும் கல்லுதான். அழுது பாத்தேன், பட்டினி கெடந்து பாத்தேன், ஒண்ணு வெளிய போவல. ஒங்க பொண்ணு காலெடுத்து வெச்ச அன்னைக்கே ரெண்டு காலி. இந்தப் பொண்ணுதான் எனக்கு வேணும். சேகரும் இந்தப் பொண்ணுதான்றான். கையில கயிறு அறுத்துச்சே, மருந்து போட்டாங்களான்னு கேட்டுட்டு வரச் சொன்னான்." மலர்க்கொடி அடுக்களையில் பாத்திரத்தைக் கீழே போட்டாள். நான் மனச்சாட்சிக்குப் பயந்து, "அம்மா, மூல நட்சத்திரம்... மாமனாருக்கு ஆகாதுன்னு..." என்று இழுத்தேன். "மாமனாருக்குத்தான? மாமியாருக்கு ஒண்ணும் இல்லியே?" என்று வெற்றிலையைத் தட்டில் வைத்தாள்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் புறப்பட்டு வா. ஆவணியில் முகூர்த்தம். நடனசபாபதி சம்மதித்தாரா என்று நீ கேட்பாய். நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை.