பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வீடுகள்

பாடம் நடத்துகிறவனுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இருந்திருந்தால் என்னை அன்றைக்கே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள்.

காஞ்சிபுரத்தில் ஒரு சின்ன சமுதாயக் கல்லூரி. தையல், கடை விற்பனை என்று ஒரு வருடப் படிப்புகள். பள்ளியைப் பாதியில் விட்டவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள் எல்லாம் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். நான் அவர்களுக்கு ‘வாழ்க்கைத் திறன்’ எடுத்துக்கொண்டிருந்தேன். (அது எனக்கு எவ்வளவு இருந்தது என்பதை இப்போது பார்க்கப் போகிறீர்கள்.)

ஒருநாள் முதல்வர் கூப்பிட்டார்.

“மதிப்பீட்டுக் குழு வருதுபா. இந்தத் தடவை பன்மை உணர்வு வேணுமாம். பல தரப்பட்ட ஜனங்களோட பழக பசங்க என்ன கத்துக்கினாங்கன்னு கண்ணால பாக்கணும்ன்றாங்க. பேப்பர்ல எழுதி நீட்டினா ஒத்துக்க மாட்டாங்களாம்.”

“விடுங்க சார், ஜமாய்ச்சுடலாம்” என்றேன். அந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம்.

கதவளவுக்கு ஊரின் வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொருவரும் தங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசிக் கொடியைக் குத்திவிட்டு, தங்கள் தெருவைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். என்ன தொழில், என்ன சமையல், என்ன திருவிழா. இதுதான் கடைசி மதிப்பெண். இது இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. யோசனை உதித்த அன்று, எனக்கு விருது கொடுக்க அரசாங்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்றுகூட யோசித்தேன்.

முந்தின நாள் ஒத்திகை. முதல் கொடி என்னுடையது. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டின் மேல் குத்திவிட்டு, “எங்க தெருவுல தறிச் சத்தம் இல்லாட்டி கொழந்தைகூட தூங்காது” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அடுத்து கோமதி. அவளும் எங்கள் பக்கத்து நெசவாளி வீட்டுப் பெண். இரண்டு தெரு தள்ளிக் குத்தினாள். “பலே!” என்றேன்.

மூன்றாவது மெர்சி. கோமதியோடு ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். விற்பனைப் பாடத்தில் மெர்சியை மிஞ்ச ஆள் இல்லை. சான்றிதழைக் கொண்டுவந்தால் மறுநாளே வேலை என்று ஒரு பட்டுக்கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். அவள் கொடியை பஸ் ஸ்டாண்டு பக்கம் குத்தினாள்.

“பஸ் ஸ்டாண்டுல யாருமா குடியிருக்காங்க? நீ ஐயம்பேட்டை தானே?”

“ஆமா சார்.”

“அப்ப அங்க குத்து. எந்தத் தெரு?”

“சர்ச்சாண்ட சார்.”

“சர்ச்சுக்கு எந்தப் பக்கம்? ஊர்ப் பக்கமா, காலனிப் பக்கமா?”

சத்தியமாகச் சொல்கிறேன், ஊசி சரியான இடத்தில் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியை யாரும் வழி விசாரிப்பதற்காகக் கேட்பதில்லை. வகுப்பு கப்சிப். எல்லோரும் ஆழ்ந்து கவனிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெர்சி கொடியைப் பிடுங்கி டப்பாவில் போட்டாள். “நாளைக்கு நான் வரல சார்.”

“கூச்சப்படக் கூடாதுமா. வரலன்னா மார்க் கெடையாது, சர்டிபிகேட்டும் கெடையாது, பாத்துக்க.” எவ்வளவு கனிவாகச் சொன்னேன் தெரியுமா! வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, நான் வாழைப்பழமே இல்லாமல் ஏற்றினேன்.

மறுநாள் குழு வந்தது. தலைவர் ஒரு கண்ணாடி போட்ட அம்மையார். மெர்சியும் வந்திருந்தாள். கண்டிப்பு வேலை செய்துவிட்டது என்று பூரித்துப் போனேன்.

கோமதி எழுந்து வந்து பஸ் ஸ்டாண்டில் குத்தினாள். நான் இருமினேன். “கோமதி, வீடு...”

“இதான் சார் வீடு.”

அடுத்தவளும் பஸ் ஸ்டாண்டு. அதற்கடுத்தவளும். பத்துப் பேருக்கு மேல் ஊசி குத்த இடமில்லை, மூலையில் நெருக்கியடித்துக் குத்தினார்கள். இருபத்திரண்டாவதாக மெர்சி. அவளும் அங்கேயே குத்தினாள்.

அம்மையார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “ஏம்பா, இந்தக் காலேஜ்ல அத்தனை பேருமா பஸ் ஸ்டாண்டுல குடியிருக்காங்க?”

“இவங்களுக்கு மேப் பாக்கத் தெரியல மேடம்” என்றேன். (பழியைத் தூக்கிப் பிள்ளைகள் மேல் போட்டேன். வெட்கங்கெட்டவன்!)

கோமதிக்குப் பொறுக்கவில்லை. “மேப்லாம் நல்லாத் தெரியும் மேடம். நான் பிள்ளையார்பாளையம்னா சாருக்கு மூஞ்சி மலருது. இன்னொருத்தருனா அந்தப் பக்கமா இந்தப் பக்கமான்னு நோண்டிக்கினே இருக்காரு. பஸ் ஸ்டாண்டுல யாரும் யாரையும் அப்படிக் கேக்க மாட்டாங்க. அதான் நேத்து எல்லாரும் பேசி வெச்சிக்கினோம்.”

காது மடல் வரை எனக்குச் சுட்டது. நாற்பது வருடமாக என் தெருப் பெயரைச் சொல்ல நான் ஒரு நொடிகூடத் தயங்கியதில்லை. அதனால் யாரும் தயங்க மாட்டார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறேன், மடையன். தலை நிமிர்ந்து மெர்சியைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் முதல்வர் அறிக்கையை நீட்டினார். ‘பன்மை உணர்வு: மாணவர்கள் அனைவரும் தேர்ச்சி. ஆசிரியருக்கு மறுதேர்வு தேவை.’

மெர்சியைத் தேடிப் போனேன். “தப்புப் பண்ணிட்டேன்மா.”

சான்றிதழ் நிச்சயம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை. “அடுத்த பேட்ச்ல யாரையும் கேக்காதீங்க சார்” என்று மட்டும் சொன்னாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் நடந்ததை வீட்டில் சொல்லித் தொலைத்தேன், அதுதான் அடுத்த தப்பு. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், “தம்பிக்கு எந்த ஊரு?” என்றேன்.

“கூரம் சார்.”

“அட, கூரமா! கூரத்துல எந்தத் தெரு?”

கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அவர் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. என் மகள் எட்டிப் பார்த்து, “ஒண்ணும் நெனச்சிக்காதீங்கண்ணா” என்றாள். “எங்கப்பாவுக்கு இந்தப் பேப்பர்ல இன்னும் அரியர் இருக்குது.”