மைனஸ் இருபதில் ஒரு கெட்டிமேளம்

என் அக்காவின் தாலிகட்டைக் குழப்பியது ரொறன்ரோக் குளிர் என்றுதான் இத்தனை வருடங்களாகச் சொல்லி வருகிறேன். குளிர் இதுவரை மறுப்புத் தெரிவிக்கவில்லை. ஆனாலும் வயது போகப் போக உண்மையைச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. குழப்பியது நான். குளிர் கூடமாட ஒத்தாசை செய்தது, அவ்வளவுதான்.

1986ஆம் ஆண்டு. எனக்கு இருபத்துமூன்று வயது. என்னிடம் இருந்த சொத்து இரண்டு. ஒன்று, பல கை மாறி வந்த பழைய கார். மற்றது, அதன் பின்பக்கத்தை முழுதாக அடைத்துக்கொண்டிருந்த சப்வூஃபர் என்ற அதிரடி ஸ்பீக்கர் பெட்டி. பெட்டிக்குப் பலகை வெட்டியதும் ஆணி அடித்ததும் நானேதான். கார் ஓடுகிறதோ இல்லையோ, நன்றாக அதிரும். (அந்த அதிர்வில் பக்கக் கண்ணாடி கழன்று விழுந்ததை என் திறமைக்குக் கிடைத்த சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.)

அக்காவின் கல்யாணம் தை மாதத்தில் நிச்சயமானது. பஞ்சாங்கம் கணித்தவர் ரொறன்ரோவின் தை மாதத்தைக் கண்டவரில்லை. நல்ல மாதம் என்று எழுதிவிட்டார், நாங்களும் மைனஸ் இருபதில் முகூர்த்தம் வைத்துவிட்டோம். ஐயர் கிடைத்தார். பிளாஸ்டிக் வாழைமரம் கிடைத்தது. மேளகாரர் மட்டும் கிடைக்கவில்லை. கசெற்தான் கதி.

"வரேக்க என்ர ரேப் ரெக்கோடரைக் கொண்டு வரட்டோ?" என்று மொன்றியலில் இருந்து சித்தப்பா கேட்டார்.

"உது காதுக்க நுளம்பு கத்துற மாதிரி இருக்கும் சித்தப்பா. நான் என்ர காரை ஹோலின்ர பின்கதவோட நிப்பாட்டுறன். உள்ளுக்க தவில் இருக்கிற மாதிரியே கேக்கும்" என்றேன்.

அக்காவுக்குத்தான் பயம். மாப்பிள்ளையின் அம்மா சகுனத்தில் பெயர் போனவர். பல்லி சொன்னதற்காக ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை நிறுத்தியவர்.

"தாலி கட்டேக்க ஒரு தும்மல் மாமியின்ர காதில விழுந்தாலும் என்ர கல்யாணம் அவ்வளவுதான். உன்ர மேளத்தை நம்பித்தான் இருக்கிறன், விளங்குதே?" என்றாள்.

கெட்டிமேளம் கொட்டுவதே அதற்காகத்தான். தாலி ஏறும் நேரத்தில் தும்மலோ அழுகையோ யார் காதிலும் விழக்கூடாது. ஊரே தடிமனில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த மாதத்தில் அந்தப் பெரும் பொறுப்பை என் பெட்டி ஏற்றுக்கொண்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கள் கட்டடத்தின் நிலத்தடிப் பார்க்கிங்கில் பரிசோதித்தேன். தவில் இடி இடித்தது. அந்தப் பார்க்கிங்கில் ஹீற்றர் போட்டிருக்கிறார்கள் என்ற சின்ன விஷயம் என் விஞ்ஞான மூளைக்கு எட்டவில்லை.

கல்யாணம் மோர்னிங்சைட்டில் ஒரு அடுக்குமாடியின் பார்ட்டி ஹோலில். காலை ஆறு மணிக்கே காரைப் பின்கதவோடு நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காரின் பின்பக்கத்தைத் திறந்துவைத்தேன். ஹோலின் கதவையும் திறந்துவைத்தேன். ஒன்பது மணிக்குக் கசெற்றைப் போட்டேன்.

நாதஸ்வரம் பரவாயில்லை. தவில் அடி விழவேண்டிய இடத்திலெல்லாம் "பர்ர்ர்" என்றொரு சத்தம். சபையில் இருந்த பெரியவர்கள், அது தாங்கள் இல்லை என்று காட்டிக்கொள்ள ஆளையாள் திரும்பிப் பார்த்தார்கள்.

சத்தம் பிழைத்தால் என்ன செய்ய வேண்டும்? கூட்ட வேண்டும். கூட்டினேன். "பர்ர்ர்" இன்னும் தெளிவாகக் கேட்டது. வயர்களைக் கழற்றிப் பூட்டினேன். விரல் விறைத்ததுதான் மிச்சம். கடைசியில் பிழையைக் கண்டுபிடித்தேன்: ஸ்பீக்கருக்குக் குளிர்கிறது! ஹோலுக்குள் அக்கா தயாராகிக்கொண்டிருந்த அறைக்கு ஓடி, அவளுடைய ஹெயார் டிரையரைப் பறித்துக்கொண்டு வந்தேன். (அவளுடைய ஒரு பக்கத் தலை அப்போது ஈரமாக இருந்தது. கல்யாணப் படங்களில் இன்றும் இருக்கிறது.)

விறைத்த ஸ்பீக்கர் மெல்ல மெல்ல இளக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, காரைச் சூடாக்கி, அரை மணித்தியாலம் குறைந்த சத்தத்தில் பாடவிட்டிருந்தால் போதுமாம். பிறகு ஒரு கடைக்காரர் சொன்னார். நானோ ஒரேயடியாக அனல் காற்றை ஊதினேன். ஸ்பீக்கரின் ஓரத்தில் பசை "டிக்" என்று விட்டது. அதை நான் சரிவருகிற சத்தம் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் திறந்திருந்த கதவால் குளிர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் தும்மல் ஆரம்பித்தது. ஆக, மறைக்க வேண்டிய தும்மலையும் நானே தயாரித்துக் கொடுத்தேன்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார் ஐயர்.

பொத்தானை அழுத்தினேன். நீளமாக ஒரு "பர்ர்ர்ர்ர்". குளிரில் சோர்ந்திருந்த பற்றரியும் அத்தோடு படுத்துவிட்டது. நாதஸ்வரம் இழுபட்டு, முனகி, நின்றது.

ஹோலில் ஊசி விழுந்தால் கேட்கும். அத்தானின் கையில் தாலி பாதி வழியில் நின்றது. சித்தப்பாவின் மூக்கு சுருங்கியது, வாய் மெல்லத் திறந்தது. மாமி எழும்பினார். திறந்திருந்த பின்கதவால் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கண் நிறைந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமி வாசல் பக்கம் போகவில்லை. பழத் தாம்பாளத்தை எடுத்து, பழங்களைச் சித்தப்பாவின் மடியில் கொட்டினார். பாயாசக் கரண்டியைப் பிடுங்கித் தாம்பாளத்தில் "டாங்! டாங்!" என்று விளாசத் தொடங்கினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? எடுத்து அடியுங்கோவன்!"

பெண்கள் எல்லோரும் கையில் அகப்பட்ட சட்டி, மூடி, செம்பு என்று வெளுத்து வாங்கினார்கள். சித்தப்பா தும்மினார் என்பது அவர் உடம்பு குலுங்கியதில்தான் தெரிந்தது. மூன்று முடிச்சும் விழுந்தது.

"சகுனம் பாக்கேல்லையோ மாமி?" என்று பிறகு நான் மெல்லக் கேட்டேன்.

"உன்ர அக்கா நல்ல பிள்ளை. உன்ர உடைஞ்ச பெட்டிக்காக விடச் சொல்லுறியோ?" என்றார்.

போன வருடம் என் மகளின் கல்யாணம். மேளகாரருக்கு இப்போது பஞ்சமில்லை. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் பிடித்திருந்தேன். கெட்டிமேளம் என்றதும் எங்கள் பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் தாம்பாளமும் கரண்டியுமாக எழும்பிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அதில்லாமல் தாலி ஏறுவதில்லை. தவில்காரர் திகைத்துப்போனார். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க, இளம் ஐயர் ஒருவர் இது மிகப் பழைய சம்பிரதாயம் என்று அர்த்தமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறை நெருங்கும் மாமி என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் வைத்தார்.

"அடி தம்பி, பயப்பிடாதை. இதுக்குக் குளிராது."