கைதட்டல் வாங்கிய இழுப்பு

மேடையைக் கண்டால் என் புத்தி கீழேயே நின்றுகொள்ளும். (என் மனைவி ஸ்டெல்லா இதைச் சுருக்கமாகச் சொல்வாள்: "இவருக்கு மைக் ஒத்துக்காது.")

ஹுன்னஸ்கிரிய மலைக் குளிரில் பிறந்து, ஆஸ்துமாவோடு வளர்ந்து, கண்டிக்குக் கிளார்க் வேலைக்கு வந்தவன் நான். கிளினிக்கில் வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்ப் இரண்டு தந்திருந்தார்கள். மண்ணிறப் பம்ப் இழுப்பு வராமலிருக்கத் தினமும் காலை மாலை. நீலப் பம்ப், இழுப்பு வந்துவிட்டால் அடிக்க. எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஸ்டெல்லாவின் தம்பி அந்தோனி கெலிஓயாவில் சத்து மாத்திரைக் கடை போடும் வரை.

"மச்சான், இது ஆன்டிஆக்சிடன்ட். வைட்டமின் சி, ஈ, செலினியம் எல்லாம் இருக்கு. நுரையீரல்ல பிடிச்ச துருவ அப்படியே எடுத்துரும்," என்றான்.

என் நுரையீரலில் துரு இருப்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. (தகரக் கூரை என்று நினைத்துவிட்டான் போலும்.)

மாத்திரையைத் தொடங்கியதும் மண்ணிறப் பம்பை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினேன். வைத்தியரைக் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாமென்று சொல்லிவிடுவாரே! முதல் இரண்டு கிழமை சொர்க்கம். கண்டிச் சந்தையிலிருந்து குட்ஷெட் பஸ் நிலையம் வரை நிற்காமல் நடந்தேன். கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

"மாத்திரைய வேணும்னா முழுங்குங்க, பம்ப எதுக்கு நிப்பாட்டுனீங்க?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"உனக்கு விஞ்ஞானம் தெரியாது," என்றேன். அவள் விஞ்ஞான ஆசிரியை.

மூன்றாம் கிழமை, ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் அந்தோனியின் விளக்கக் கூட்டம். மாத்திரையால் குணமானதற்குச் சாட்சி நான்தான். காலையிலிருந்தே நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. நீலப் பம்பை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். குணமானவன் சட்டைப்பையில் பம்ப் இருக்கலாமா?

"முன்னாடி நான் எப்படி இருந்தேன் தெரியுமா?" என்று தொடங்கி, இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக் காட்டினேன். சனம் ரசித்தது. இன்னொரு தடவை காட்டினேன். மூன்றாவதை நான் காட்டவில்லை. அது தானாக வந்தது. உள்ளே போன காற்று வெளியே வர மறுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். கையால் நெஞ்சைக் காட்டினேன். மண்டபமே கைதட்டியது.

அவர்கள் மேல் குற்றமில்லை. பத்து வருடமாகப் பெரிய வெள்ளி தோறும் எங்கள் பங்கின் திருப்பாடுகளின் காட்சியில், இடப்பக்கக் கள்ளனாகச் சிலுவையில் மூச்சு வாங்கிச் சாகிறவன் நான். "இந்த வருஷம் இன்னும் நல்லா செய்றாரு," என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. அந்தோனியும் தட்டினான். உண்மையாகவே பயந்துபோனேன். செத்தாலும் நம்ப ஆளில்லை.

ஸ்டெல்லா மட்டும் தட்டவில்லை. கதிரைகளைத் தள்ளிக்கொண்டு மேடையேறி, கைப்பையிலிருந்து நீலப் பம்பை எடுத்து என் வாயில் வைத்தாள். அதற்கும் தட்டினார்கள். "யாராவது ஆட்டோவக் கூப்புடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில்தான் நின்றது.

வைத்தியசாலையில் மூக்கில் மருந்துப் புகையோடு கிடந்தபோது வைத்தியர் விளக்கினார். முதல் இரண்டு கிழமைச் சுகம், மண்ணிறப் பம்ப் விட்டுப்போன மிச்சமாம். பாராட்டை மாத்திரை வாங்கிக்கொண்டதாம். பழமும் கீரையும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அந்த மாத்திரை ஆஸ்துமாவைக் கட்டுப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அளவு மீறினால் கெடுதலும் உண்டு, பம்புக்குப் பதிலாக அது ஒருநாளும் ஆகாது என்றார்.

"விஞ்ஞானம்," என்றாள் ஸ்டெல்லா.

அந்தோனி இப்போது போன் கவர் விற்கிறான்.

அடுத்த பெரிய வெள்ளி வந்தது. மண்ணிறப் பம்ப் ஒழுங்காக அடித்து, நெஞ்சு சுத்தமாக இருந்தது. சிலுவையில் கைகளைக் கட்டிவிட்டார்கள். முழுத் திறமையையும் காட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சனத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். ஏணியில் ஏறினாள். ஸ்டெல்லா!

"ஏய், இது நடிப்பு!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"அன்னைக்கும் எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. வாயத் தொறங்க."

கை கட்டியிருக்கிறது, என்ன செய்வது? திறந்தேன். நீலப் பம்பை இரண்டு தடவை அடித்தாள். நடுச்சிலுவையில் இருந்தவர் சிரிப்பை அடக்க முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பங்கில் யாரும் என் பெயரைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வழி கேட்டு வருகிறவர்களிடம், "பம்படிச்ச கள்ளன் வீடா? நேரா மேல போங்க," என்கிறார்கள்.