பதினாலாவது கட்டம்

கொழுந்து எடுக்கும் மூக்கம்மாளுக்குப் பெனிசிலின் ஊசி ஆகாது என்பதை எங்கே எழுதுவது என்று தேயிலை எஸ்டேட் கிளார்க் லட்சுமிநாராயணனுக்குப் பிடிபடவில்லை. எழுத இடம் இல்லாமல் இல்லை. இடம் மூன்று இருந்தது. மூன்றும் மூன்று அளவு. அதுதான் சிக்கல்.

எஸ்டேட் ஆபீஸில் இருந்தது பெரிய ரிஜிஸ்டர். விரித்தால் மேஜை நிறையும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் குறுக்கே பதினான்கு கட்டங்கள். நம்பரில் தொடங்கிக் குறிப்பில் முடியும். டிஸ்பென்சரியில் இருந்தது தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த ஒரு தட்டு. அதில் கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் மேல்விளிம்பு அரை அங்குலம்தான் கண்ணுக்குத் தெரியும். மூன்றாவது, புதன்கிழமைதோறும் கம்பவுண்டர் ஜீப்பில் மேல் டிவிஷனுக்குக் கொண்டுபோகும் சீட்டுக் கொத்து. பீடிக்கட்டு அகலம், வளையத்தில் கோத்தது.

ரிஜிஸ்டரை எழுதியவர் லட்சுமிநாராயணன். அதைப் பார்த்துக் கார்டு எழுதியவரும் அவரே. கார்டின் முன்பக்கத்தில் ஒன்பது கட்டங்கள்தான் அடங்கின. மிச்சம் ஐந்தைப் பின்பக்கம் போட்டார். பதினாலாவது கட்டமான குறிப்பு, பின்பக்கத்தின் அடியில் போய் உட்கார்ந்தது. போன வருஷ மழையில், கார்டைத் திருப்பிப் பார்க்காமல் பழைய கம்பவுண்டர் ஊசியைப் போட்டுவிட்டார். மூக்கம்மாள் பெஞ்சிலேயே சாய்ந்தாள். ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள்.

யாரும் லட்சுமிநாராயணனைக் குறை சொல்லவில்லை. கார்டில் எழுதித்தானே இருந்தது என்றார்கள். அந்தப் பேச்சுதான் அவரை அதிகமாகக் குடைந்தது. எழுதியிருந்தும் ஒருவர் கண்ணில் படவில்லை என்றால், அதற்கும் எழுதாததற்கும் என்ன வித்தியாசம்?

இப்போது எழுபத்தாறு ஜூன். சின்னக்கானல் பக்கத்து மலைகளில் மழை பிடித்துவிட்டது. மழையோடு காய்ச்சலும் வரும். பழைய கம்பவுண்டர் ஓய்வு பெற்றுப் போய், மார்த்தாண்டத்திலிருந்து ஏசுரத்தினம் என்பவர் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"நானூத்துப் பன்னெண்டு பேரு சார்," என்றார் ஏசுரத்தினம். "எனக்கு ஒரு மொகமும் தெரியாது. கார்டு என்ன சொல்லுதோ அதைத்தான் நான் செய்வேன்."

"அதாக்கும் எனக்குப் பயம்," என்றார் லட்சுமிநாராயணன்.

கல்பாத்தியிலிருந்து வந்து பதினோரு வருஷமாக இந்த மலையில் இருக்கும் மனிதர் அவர். எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சுவர்க்கடிகாரம் நின்றால் கடைக்காரனுக்கு முன் அவர் திறந்து பார்த்துவிடுவார்.

பெரியதைச் சின்னதாக்கினால் போதும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அவருக்கும் தோன்றியது. பதினான்கு கட்டங்களையும் நெருக்கிக் கார்டின் முன்பக்கத்திலேயே அடக்கினார். கார்டுக் கட்டங்களை அச்செடுக்கும் ஸ்டென்சில் என்பது மெழுகுத் தாள். இரும்பு முனையால் கீறினால் மெழுகு விலகும், அந்த வழியாக மை இறங்கும். கீறல்கள் ரொம்ப நெருங்கினால் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சேர்ந்துகொண்டன.

ஏசுரத்தினம் கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"சார், இது கார்டா, எறும்புப் புத்தா?"

"பதினாலும் இருக்கு பாரும்."

"இருக்கு சார். நான் பதினாலையும் படிச்சு முடிக்கதுக்குள்ள காச்சக்காரன் தானா சொகமாயிருவான்."

அன்று டிஸ்பென்சரி வரிசை சவுக்கு மரம் வரைக்கும் நீண்டது.

சின்னதாக்கக் கூடாது, மடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். நீளத் தாளை விசிறி போல் மூன்றாக மடித்தால் பெரிய கட்டங்களும் சின்ன இடத்தில் அடங்கும். தட்டில் அழகாக அடங்கவும் செய்தன. மடித்த சீட்டுகள் புதன்கிழமை ஜீப்பில் போனபோது, மேல் டிவிஷன் திருப்பத்தில் காற்று வந்தது. மடிப்புகள் விரிந்து, வளையத்திலிருந்து பிய்ந்தன. ஜீப் டிரைவர் நல்லமுத்து திரும்பி வந்து விவரம் சொன்னான்.

"கொக்குக் கூட்டம் மாதிரிப் பறந்துச்சு சார். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. கொழுந்து எடுக்கவங்க பாதியப் பொறுக்கித் தந்தாங்க."

"மீதி?"

"மீதி செடிக்குள்ள."

மூன்றாவது யோசனையில் அவருக்கு முழு நம்பிக்கை இருந்தது. எல்லாம் தெரிய வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? உயிரோடு சம்பந்தப்பட்டது தெரிந்தால் போதும். தட்டில் மேல்விளிம்புதான் தெரிகிறது என்றால், ஊசி விஷயத்தை அந்த விளிம்பில் எழுதிவிடலாம். மற்றதெல்லாம் கீழே. மூன்று நாள் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு கார்டுகளையும் எழுதினார்.

"வாங்க சார், தட்டைப் பாருங்க," என்று ஏசுரத்தினம் ஆள் அனுப்பினார்.

பார்த்தார். விளிம்பு விளிம்பாக 'ஊசி ஆகும்', 'ஊசி ஆகும்', 'ஊசி ஆகும்'. நடுநடுவே பதினேழு இடத்தில் 'ஆகாது'.

"பதினேழு பேருக்கு ஆகாதுங்கது பளிச்சுன்னு தெரியுது சார்," என்றார் ஏசுரத்தினம் மரியாதையாக. "அது யாருங்கதுதான் தெரியலை."

லட்சுமிநாராயணன் வீட்டுக்கு நடந்தார். இதற்கிடையில் மூக்கம்மாளுக்கு ஜலதோஷம் என்று காதில் விழுந்திருந்தது.

மனைவி பர்வதம் இலை போட்டாள். மழையில் வாழை கிழிந்துபோய், உள்ளங்கை அகலத் துண்டுதான் கிடைத்திருந்தது. அவர் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.

"என்னத்தை இப்படி உத்துப் பாக்கறேள்? எலை சின்னதுன்னா?"

"உப்பை எங்கே வச்சாய்?"

"எங்கே வைப்பா? இடத்து மூலையிலே."

"பெரிய எலையானா?"

"அப்பவும் இடத்து மூலைதான். எலை பெரிசானா உப்பு நடுவுக்கு நடந்து வருமோ?"

அவர் இலையை விட்டு எழுந்துவிட்டார். பர்வதம் சாதத்தை மூடி வைத்தாள்.

இலை எந்த அளவாக இருந்தாலும் உப்புக்கு இடம் தேட வேண்டாம். அது ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சாதம்தான் இலைக்கேற்ப விரியும், சுருங்கும். அப்படியென்றால் மேல்விளிம்பின் இடது ஓரத்தில் நம்பரும் பெயரும். வலது ஓரத்தில் ஊசி. இரண்டும் அந்தந்த ஓரத்தை விட்டு நகரக் கூடாது. நடுவில் உள்ள பதினொன்றும் ரிஜிஸ்டரில் முழுதாக விரியட்டும், கார்டில் பாதியாகட்டும், சீட்டில் இல்லாமலே போகட்டும். மூன்று தாளிலும் வெட்டி ஒட்டிப் பார்த்தார். மூன்றிலும் நின்றது.

மறுநாள் காலை தட்டையும் சீட்டுக் கொத்தையும் ஆபீஸுக்கே தூக்கி வந்து, புதுக் கார்டுகளை எழுதத் தொடங்கினார். மூன்றாம் நாள் மதியத்துக்குள் தட்டு நிறைந்தது. கடைசிக் கார்டின் மை காய்வதற்குள் நல்லமுத்து எட்டிப் பார்த்தான்.

"என்ன சார், ஆஸ்பத்திரித் தட்டு இங்கன இருக்கு?"

"புதுசு எழுதறேன். ஏன்?"

"இல்ல, மூக்கம்மாக்கா காச்சலோட அங்க போவுது. இந்நேரம் போயிருக்கும்."

லட்சுமிநாராயணன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குடை ஆணியிலேயே தொங்கியது. டிஸ்பென்சரிக்கு இறங்கும் அறுபது படிகளில் நாற்பதாவது படி பாசி. அவர் ஒரு பக்கம் விழுந்தார், தட்டு ஒரு பக்கம் விழுந்தது. கார்டுகள் செம்மண்ணில் பரந்தன. முழங்காலில் ரத்தம். ஆனால் அந்தச் சகதியிலும் வலது ஓரத்தில் 'ஆகாது' இருந்த கார்டுகள் தனியாகத் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் இடது ஓரத்தில் இருநூற்றுப் பதினேழு, மூக்கம்மாள். பார்த்த பார்வையில் கிடைத்துவிட்டது. அதை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினார்.

உள்ளே ஏசுரத்தினம் மருந்து ஏற்றிய ஊசியை மேஜையில் வைத்துவிட்டு, மாத்திரையைத் தாளில் மடித்துக்கொண்டிருந்தார். மூக்கம்மாள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஊசி போட்டாச்சோ?" என்று கேட்டுக்கொண்டே லட்சுமிநாராயணன் உள்ளே நுழைந்தார்.

"இல்ல சார். இவங்களுக்குப் பெனிசிலின் ஆகாதுல்லா."

"கார்டு என் கையிலேயல்லவோ இருக்கு. உமக்கு எப்படித் தெரிஞ்சுது?"

ஏசுரத்தினம் மூக்கம்மாளைக் காட்டினார். அவள் இடது கை ரவிக்கையைத் தோள்வரை சுருட்டினாள். ஊசி குத்தும் இடத்தில், அம்மை குத்திய தழும்பை ஒட்டி, பச்சை எழுத்து இரண்டு வரி: பெனிசிலின் ஆகாது.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரமே போடிச் சந்தையில பச்சை குத்திக்கிட்டேன்," என்றாள். "நர்ஸம்மா சீட்டுல எழுதித் தந்தாக. பச்சை குத்துறவ அதப் பாத்து அப்படியே குத்திப்புட்டா."

லட்சுமிநாராயணன் கையிலிருந்த கார்டைப் பார்த்தார். சகதி சொட்டிக்கொண்டிருந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"நீங்க கேக்கலியே கிளார்க்கய்யா," என்றாள் மூக்கம்மாள், ரவிக்கையை இறக்கிக்கொண்டே. "ஊசி போட வாரவுக தாளப் பாக்காமக் குத்திருவாக. கையப் பாக்காமக் குத்த முடியாதுல்ல."