மஸ்கட்டாரின் குட்டைக்கால் மோட்டார்

உலகத்திலேயே படகு மோட்டாரைக் காதால் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் மஸ்கட்டார்தான். மற்றவர்கள் எத்தனை எச்.பி. என்று கேட்பார்கள், எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று கேட்பார்கள், இரண்டும் புரியாதவர்கள் என்ன கலரில் கிடைக்கும் என்று கேட்பார்கள். மஸ்கட்டார் எதுவும் கேட்கமாட்டார். மோட்டாரை ஓடவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, சாதாரணக் குரலில், "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்பார். நான் "என்னது?" என்று கேட்டுவிட்டால் அந்த மோட்டார் பெயில்.

நான் அப்போது திருத்துறைப்பூண்டியில் ஒரு பம்புசெட் கடையில் விற்பனையாளன். அதுவரை பட்டணத்துக்காரர்களே பார்த்திராத வெளிநாட்டுச் சரக்கெல்லாம் நம்மூர்க் கடைகளில் தலைகாட்ட ஆரம்பித்திருந்த காலம். மஸ்கட்டார் முத்துப்பேட்டைக்காரர். மஸ்கட்டில் வெள்ளைக்காரர்கள் உல்லாசப் படகு நிறுத்துகிற ஒரு துறையில், இருபத்தைந்து வருஷம் படகு கழுவி, பெயின்ட் அடித்து, அப்புறம் ரிப்பேரும் பார்த்தவர். வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள் மாடி வீடு கட்டுவார்கள், இல்லாவிட்டால் ஜவுளிக்கடை வைப்பார்கள். இவர் ஓர் ஆசாரியைப் பிடித்துப் பாய்மரப் படகு கட்டினார். இருபதடி நீளம். நடுவில் இரண்டு பேர் படுக்க ஓர் அறை, அதில் ஒரு ஸ்டவ், ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை வேறு.

மீன்பிடிக்கிறவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"ஏன் பாய், இதுல மீன எங்க போடுவீங்க?"

"மீனுக்கு இல்லப்பா. எனக்கும் எங்க வீட்ல உள்ளவங்களுக்கும்."

வீட்டில் உள்ளவர் ஜொஹரா அக்கா. கல்யாணமான நாளிலிருந்து புருஷனோடு சேர்ந்து இருந்த நாட்களை லீவு லீவாகக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. மாமனார் மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், ஒரே மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் அவர் ஒற்றை ஆளாகத்தான். மஸ்கட்டார் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது அக்கா சண்டை எதுவும் போடவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். "சோறு வச்சிருக்கு." "தண்ணி இந்தா இருக்கு." அன்றைய பேச்சு அத்தோடு தீர்ந்தது. வீட்டில் எந்நேரமும் மகள், பேரன், சம்பந்தி, அக்கம்பக்கம் என்று ஒரே கூட்டம். நாலு பக்கமும் தண்ணீர் இருக்கிற இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் பேசித்தானே ஆகவேண்டும் என்று இந்த மனுஷன் நினைத்துவிட்டார். படகு அதற்குத்தான்.

படகைப் பார்த்த அன்று அக்கா வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் அதிகமாகவே பேசினார். "காத்து அடிச்சாத்தான் போகும், இல்லாட்டி நடுவுலயே நிக்கும். அப்படித்தானே? நான் காத்து நின்னதெல்லாம் போதும். மோட்டார் இல்லாத படகுல ஏறமாட்டேன்."

மறுநாள் மஸ்கட்டார் எங்கள் கடையில் நின்றார்.

"தம்பி, ஒரு மோட்டார் வேணும்."

"எத்தனை ஏக்கர் பாய்?"

"தண்ணிக்குள்ள போடுற மோட்டாரு."

"நீர்மூழ்கியா? போர் எத்தனை அடி?"

அவர் பொறுமையாக விளக்கினார். காற்று கைவிட்டால் கரைசேர, படகின் பின்பலகையில் மாட்டுகிற சின்ன மோட்டார். எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் "தெரியாது" என்று சொல்லி ஆளை அனுப்பினால் எங்கள் முதலாளி என்னையும் கூடவே அனுப்பிவிடுவார். ஆகவே, "பார்த்துடலாம் பாய்" என்றேன். பிழைப்பு அப்படி.

முதலாளியின் யோசனைப்படி முதலில் கடையில் கிடந்த பழைய டீசல் எஞ்சினையே படகில் ஏற்றினோம். பின்பக்கம் அமிழ்ந்து முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் மஸ்கட்டாரின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. "என்னது?" என்றேன். பெயில். அடுத்து மீனவர்கள் ஓட்டுகிற மண்ணெண்ணெய் எஞ்சின் ஒன்று வந்தது. இந்த முறை ஏமாறக்கூடாது என்று உஷாராக இருந்தேன். அவர் என்னவோ கேட்டார். "ஆமா பாய், வெள்ளிக்கிழமைதான்" என்றேன். அதுவும் பெயில்.

மூன்றாவதாக, நாகப்பட்டினத்து வியாபாரி ஒருவர் வேனில் இரண்டு வெளிநாட்டு மோட்டார்களைக் கொண்டுவந்தார். இரண்டும் ஒரே ரகம்தான். ஒன்றுக்குக் கால் நீளம், ஒன்றுக்குக் குட்டை. காலின் அடியில்தான் தண்ணீரைத் தள்ளுகிற விசிறி இருக்கும். அங்கேயே ஓட்டிப் பார்க்க, முதலாளி வயலின் போர்செட் தொட்டியில் குட்டைக்காலை மாட்டி, ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றை இழுத்துவிட்டோம். இரண்டே நிமிஷம். தொட்டித் தண்ணீர் முழுக்க எகிறி வெளியே கொட்டி, பக்கத்திலிருந்த நாற்றங்கால் நனைந்தது.

முதலாளி ஆசையோடு பார்த்தார். "அஞ்சு எச்.பி.க்கு நல்ல டெலிவரியா இருக்கே! நமக்கும் ஒண்ணு சொல்லேன்."

அந்தக் களேபரத்தில் என் காதருகே, "இன்னிக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டது.

"வெண்டக்கா" என்றேன், என்னையறியாமல்.

மஸ்கட்டாரின் முகம் மலர்ந்ததே, அதை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

வியாபாரி படகையும் போய்ப் பார்த்தார். "பின்பலகை ஒசரம் பாய். நெட்டைக்கால்தான் செட்டாகும். குட்டைய மாட்டினா, அலையில படகு தூக்குறப்ப விசிறி வெளிய வந்துடும். விலை ரெண்டும் ஒண்ணுதான்."

மஸ்கட்டார் தாடியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "குட்டையே கொடுங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபத்தைந்து வருஷம் படகுக்கு நடுவே கிடந்த மனுஷன் பேசுகிற பேச்சா இது?

"மொதல்ல நீங்க ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்" என்று அக்கா சொல்லிவிட்டதால், மஸ்கட்டார் தனியாகக் கிளம்பினார். ஆற்றுக்குள் மோட்டார் அழகாக ஓடியது. கடலலை உள்ளே வருகிற முகத்துவாரத்தில் படகின் பின்பக்கம் தூக்கியதும் விசிறி வெளியே வந்து காற்றில் சுழன்று, மோட்டார் வீலென்று கத்தியது. படகு நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. யாரோ கயிறு போட்டு இழுத்துவந்தார்கள். மறுநாளும் போனார், மறுநாளும் இழுத்துவந்தார்கள். ஒரு வாரம் இதே கூத்து. வலை உலர்த்துகிறவர்கள் கரையில் இடம்பிடித்து உட்கார ஆரம்பித்தார்கள்.

"பாய், மோட்டாரு நல்லா பாடுது! படகுதான் ஆடமாட்டேங்குது!"

ஆலோசகன் என்ற முறையில் அவமானம் எனக்கும் சேர்த்துத்தான். யோசித்து, இரண்டு யூரியா சாக்கில் மணல் நிரப்பி, மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தேன். பின்பக்கம் அமிழ்ந்தது, விசிறி தண்ணீரைக் கவ்வியது, படகு முகத்துவாரத்தைத் தாண்டி ஓடியே போய்விட்டது! திரும்பி வந்த மஸ்கட்டார் முதல் காரியமாக இரண்டு மூட்டையையும் இறக்கிக் கரையில் வைத்தார்.

"ஏன் பாய்?"

"மூட்டை உருளும் தம்பி."

"கட்டிப்போடலாமே?"

"நனைஞ்சா கனம் கூடும்."

"கூடினா நல்லதுதானே?"

"யூரியா நாத்தம் அடிக்குது" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஊர் சிரிக்கிற சத்தம் அக்கா காதுக்கும் எட்டியிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார். முதல் பாட்டு வலைக்காரர்களுக்கு. "என்னங்கடா சிரிப்பு? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே படகு பாத்தவரு அவரு." அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினார். "எங்க உக்காரணும்?"

மஸ்கட்டார் அவசரமாகத் தோள்துண்டால் பலகையைத் துடைத்தார். "இங்க... பின்னாடி. எம் பக்கத்துல."

அக்கா உட்கார்ந்தார். படகு பின்னால் நாலு விரற்கடை அமிழ்ந்தது. முகத்துவாரத்தில் அலை தூக்கிப் பார்த்தது, மோட்டார் முனகக்கூட இல்லை. கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. தூரத்தில் மஸ்கட்டார் என்னவோ கேட்பது தெரிந்தது. அக்கா "என்னது?" என்று காதில் கைவைக்கவில்லை. உடனே பதில் சொன்னார். படகு அலையாத்திக் காட்டுப் பக்கம் திரும்பி மறைகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெயில் சாயத் திரும்பினார்கள். இறங்கும்போதும் அக்கா பேச்சை விடவில்லை. "மிச்சத்த நாளைக்கு சொல்றேன். இன்னும் உங்க உம்மா கதையே முடியல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம் போனேன். "பாய், இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. நெட்டைக்காலுக்கு மாத்தித் தரேன்னு வியாபாரி சொல்றாரு."

மஸ்கட்டார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நெட்டைக்கால் இருந்தா நான் ஒத்த ஆளாவே போயிட்டு வந்துடலாம் தம்பி. அது எதுக்கு எனக்கு? ஒத்தையா இருந்து பாத்தாச்சு."

ஊர் இன்றும் அவரை மஸ்கட்டார் என்றுதான் சொல்கிறது. உங்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று நானும் அப்படியே எழுதிவிட்டேன். நேரில் பார்த்தால் "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் மஸ்கட்டிலிருந்து நிஜமாகவே வீடு வந்து சேர்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கரையில் நின்று பார்த்தவன் நான்.