குபிச்செக் இடக்கை கொண்ட படலம்

வாழ்க குபிச்செக்! அறுத்து நின்ற மக்காச்சோளத் தாள்கள் பனியில் விறைத்துக் கிடக்கும் நெப்ராஸ்கப் பெருவெளியிலே, வெஸ்ட்பரி என்னும் மூதூரின் பேஸ்பால் காவலனே! வெட்டுக்கிளிகள் எனும் அணியை ஏழாண்டுகள் கட்டிக்காத்து, ஏழாண்டும் கடைசி இடத்தை வேறெவருக்கும் விட்டுக்கொடாத விறலோனே! காது மூடிய கம்பளிக் குல்லாய் தரித்த கோமகனே, ஆர்வின் குபிச்செக்கே, நீ வாழ்க! நாமகளே, இந்த டிசம்பர் குளிரில் உன்னை இவ்வளவு தூரம் அழைப்பது முறையன்று, ஆயினும் வா. மார்விஸ் அம்மையின் உணவகத்தில், ஜன்னலோர மேசையில், ஓர் இடக்கைப் பந்துவீச்சாளன் பொருட்டு நிகழ்ந்த பெரும்போரை யான் பாட வேண்டும். என் நாவில் சற்றே உட்கார். காப்பி நான் வாங்கித் தருகிறேன்.

பந்தும் மட்டையும் கோடைக்கு உரியவை. ஆனால் மெய்யான ஆட்டம், களத்தில் பனி மூடியபின், ஆட்டக்காரர்களையே மாற்றிக்கொள்ளும் பருவத்தில்தான் என்பது அந்நாட்டார் கொள்கை. பெருநகரத்து அணிகள் அரண்மனை ஒத்த ஓட்டல்களில் கூடிக் கோடிகளில் பேசும். நம் சின்ன லீக்கோ ஆப்பிள் பை என்னும் பழப் பணியாரத்துக்கு மேலே பேசும். காசு இல்லாததால் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்து ஆள் வாங்கும். இரண்டாம் தளக் காவலன் ஒருவன் ஒருமுறை உறைபெட்டி நிறையப் பன்றி இறைச்சிக்குக் கைமாறினான்; அவனே அது நியாயமான விலை என்றான். கைக்கு ஒன்றுமே கிடைக்காதவன் கொடுப்பதற்கென்றும் அவர்களிடம் ஒரு மந்திரச்சொல் உண்டு: 'பின்னால் பெயர் சொல்லப்படும் ஆட்டக்காரர்.' இன்று உன் ஆளை எனக்குத் தா. பதிலுக்கு என் ஆட்களில் ஒருவனைப் பின்னொரு நாள் பெயர் சொல்லிக் கேள், தருகிறேன் என்பது அதன் பொருள். கேட்பதற்கு வெறும் பேச்சுப் போலத்தான் இருக்கும்.

இனிப் போர்க் காரணம் கேண்மின். வெட்டுக்கிளிகளின் உடைமையாளர் கிளாரன்ஸ் டோபெல், டிராக்டர் வணிகர்குலத் திலகர், நன்றியறிதல் நாள் விருந்தில் வான்கோழி வெட்டும் கத்தியை உயர்த்தி இவ்வாறு பிரகடனம் செய்திருந்தார்:

"ஆர்வின், டிசம்பர் முதல் சனிக்கிழமைக்குள்ள நம்மகிட்ட ஒரு இடக்கைக்காரன் இருக்கணும். இல்லேன்னா டீமை வேற ஆள் பாத்துக்குவான். உனக்குப் பொழப்பு போயிடும்னு பயப்படாதே. திங்கக்கிழமை கடைக்கு வா, டிராக்டர் கழுவலாம்."

திடலில் கோடு போடும் சுண்ணாம்பைக்கூடப் பிறர் கையில் கொடாமல் தானே குனிந்து இழுப்பவன் குபிச்செக். அந்தத் திடலை விட்டால் அவனுக்கு வேறு நாடு இல்லை. உள்ளபடி சொன்னால், அவனுக்குப் பயமாக இருந்தது.

சனிக்கிழமை புலர்ந்தது. உணவகக் கதவின் மணி கணகணக்க, பூட்ஸ் பனியை உதறியபடி உள்ளே புகுந்தாள் டன்லப் நகரத்து நீர்நாய்கள் அணியின் தலைவி, ஊதாக் கோட்டு அணிந்த உக்கிரை, பையின் ஓரத்தை முதலில் தின்று உள்ளீட்டைக் கடைசிக்கு வைக்கும் பொறுமைக்காரி, டெல்ஃபின் ஹேகடோர்ன். அவள் வசம் இருந்தான் வேட் ஸ்ட்ரூபெல் என்னும் இடக்கையன். அவன் விட்ட பந்து மட்டை வரை நேரே வந்து, வந்தபின் மனம் மாறி வேறு பக்கம் போகும். ஏழாண்டுகளாக வெட்டுக்கிளிகள் அந்த ஒற்றைக் கையால் துவைபட்டதை எண்ணி எண்ணிப் பெருமூச்செறிந்த குபிச்செக், முதற்கணையைத் தொடுத்தான்.

"வேட் ஸ்ட்ரூபெலைக் குடு டெல்ஃபின். பதிலுக்கு, பின்னால பேர் சொல்லிக்கற ஆள் ஒருத்தன்."

"இன்னொண்ணா?" என்றாள் அவள், பையின் ஓரத்தை உடைத்தபடி.

அதை வெறும் கிண்டல் என்று எண்ணிய குபிச்செக் அடுத்த கணைக்குக் கை நீட்டினான். அந்தோ, அந்த ஒரு சொல்லில் அவன் சற்றே நின்றிருக்கலாம்!

புல்வெட்டும் வண்டியைத் தருவதாக அறிவித்தான். "எங்கிட்ட ரெண்டு நிக்குது" என்று அதைத் தூளாக்கினாள். அணியின் பச்சை வெட்டுக்கிளி வேஷ உடையை, கொம்பும் இறக்கையுமாக, அவள் காலடியில் வைப்பதாக முழங்கினான். "யோவ், ஆகஸ்ட்ல அதுக்குள்ள ஆள் நின்னு வேர்த்தது எனக்குத் தெரியும்யா" என்று மூக்கைச் சுளித்தாள். மதுரமான சொற்களும் மன்றாடல்களும் மேசை மேல் பறந்தன, காப்பி ஆறியது, மார்விஸ் அம்மை கெட்டிலுடன் வந்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா கண்ணு?" என்று இருபுறத்துப் படைகளுக்கும் பேதமின்றி ஊற்றிப்போனாள். இறுதியில் டெல்ஃபின் முள்கரண்டியைக் கீழே வைத்துத் திருவாய் மலர்ந்தாள்:

"பாப்கார்ன் மெஷின்."

ஆ, அந்த இயந்திரம்! செந்நிறச் சக்கரம் இரண்டும் பித்தளைக் குமிழும் கண்ணாடி மாடமும் கொண்டு, வெண்ணெய் மணத்தை மூன்றாம் தெரு வரை அனுப்பிய அந்தப் பெருந்தேர்! வெஸ்ட்பரி மக்கள் ஆட்டம் பார்க்க வந்தார்கள் என்று குபிச்செக் தன்னைத் தேற்றிக்கொண்டதுண்டு. அவர்கள் பொரி தின்ன வந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதைக் கொடுத்தால் கூட்டம் போகும். கொடாவிட்டால் அவனே போவான். கம்பளிக் குல்லாயைக் கழற்றினான், மறுபடி மாட்டினான், மீண்டும் கழற்றினான். கண் கலங்கக் கை நீட்டினான். அவள் குலுக்கினாள். அக்கணமே குபிச்செக் லீக் அலுவலகத்துக்குப் போன் போட்டு உரத்த குரலில் உரைக்க, வேட் ஸ்ட்ரூபெல் முறைப்படி வெட்டுக்கிளி ஆனான்.

முழங்கின குபிச்செக்கின் விரல்கள் மேசை மேல்! "மார்விஸ், எனக்கும் ஒரு பை! ஐஸ்கிரீம் வெச்சு!" என்று ஆணையிட்டான். டிராக்டர் கடையும் குழாயும் குளிர்நீரும் அவன் கண்ணைவிட்டு அகன்றன. ஏழாண்டுக்குப் பிறகு அவன் சிரித்தான். சிரிப்பு அவனுக்கு அழகாகவே இருந்தது.

டெல்ஃபின் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆர்வின், ஜூலைல உனக்கு ஒரு கேட்ச்சர் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா?"

"அவனா? வந்த வாரமே முட்டியப் பேத்துக்கிட்டு மச்சான் டயர் கடைக்குப் போயிட்டான். ஏன்?"

"அவனுக்குப் பதிலா நீ என்ன தரேன்னே?"

"பின்னால பேர் சொல்லிக்கோன்னேன்."

"அவ்வளவுதானா?"

குபிச்செக் கம்பளிக் குல்லாயை மறுபடி மாட்டினான். பையைக் கொண்டுவந்து வைத்த மார்விஸ் அம்மைதான், நெஞ்சில் வஞ்சமில்லாதவள், உதவியாக எடுத்துக்கொடுத்தாள்:

"அன்னிக்கு நான்தானே காப்பி ஊத்திட்டிருந்தேன். 'என் டீம்ல யாரை வேணும்னாலும் எடுத்துக்கோ டெல்ஃபின், எல்லாமே தண்டம்'னு சொன்னே. ரொம்ப நொந்துபோய்ச் சொன்னே கண்ணு, எனக்கே பாவமா இருந்துச்சு."

"இப்பப் பேர் சொல்றேன்" என்றாள் டெல்ஃபின். "வேட் ஸ்ட்ரூபெல்."

"அடிப்பாவி, அவன் உன் ஆளு!"

"உன் ஆளுப்பா. இப்பத்தானே போன்ல கத்திச் சொன்னே?"

மீண்டும் சுழன்றது தொலைபேசி. லீக் அலுவலகத்தான் முதலில் இருமினான், பின்பு சிரித்தான், பின்பு செல்லும் என்றான். இவ்வாறாக, காலையில் நீர்நாயாக எழுந்த இடக்கையன், நடுவில் வெட்டுக்கிளியாகி, மதியச் சூப்புக்கு முன்பே மீண்டும் நீர்நாயானான். இவ்வளவும் நடந்தபோது அவன் டன்லப்பில் தன் வீட்டு வாசல் பனியை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டிருந்தான், எதுவும் அறியான்.

ஐயகோ! எங்கே அந்தப் பித்தளைக் குமிழ்? எங்கே வெண்ணெய் மணம்? எங்கே, ஒரு ஐஸ்கிரீம் உருகும் நேரம் மட்டும் வெட்டுக்கிளிகளுக்குச் சொந்தமாயிருந்த அந்த இடக்கை? வானமே, நீ ஏன் இடியவில்லை? நெப்ராஸ்க நிலமே, நீ ஏன் பிளக்கவில்லை? கொடுத்த வாக்கைத் தன் வாயாலேயே பெருக்கிக் கொடுத்த வள்ளலே, கையில் இருந்தவரையெல்லாம் தண்டம் என்று தள்ளிய வாயால் கடைசியில் கிடைத்த மாணிக்கத்தையும் அவரோடு சேர்த்துத் தள்ளிவிட்ட தலைவனே, கிடங்கிலிருந்து அந்தப் பெருந்தேர் அவள் வண்டியில் ஏறியபோது, ஒரு சக்கரம் பனியில் புதைய, மறுபேச்சின்றித் தோள் கொடுத்துத் தூக்கிவிட்ட பெருந்தகையே, குபிச்செக்கே, உன் புகழ் வெஸ்ட்பரி தண்ணீர்த் தொட்டியினும் உயர்ந்து நிற்பதாக!

திங்கட்கிழமை காலை ஆர்வின் டிராக்டர் கழுவப் போனார்.